ஆச்சி விரித்துக் காட்டிய துணி

பிறந்து ஏழு வாரம் ஆன ஆண் குழந்தை. அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம். தாய் பீடி சுற்றுபவர். ஒரு வாரமாக வயிறு ஊதிக்கொண்டே போகிறது என்று தூக்கி வந்தார்கள். கண்ணில் மஞ்சள் இருந்தும் இல்லாத மாதிரி. காய்ச்சல் கிடையாது. குடலேற்றம் என்று ஊரில் எண்ணெய் தடவி நீவியிருந்தார்கள்.

நான் இரண்டு நாளை வீணாக்கினேன். ஸ்கேனில் வயிற்றுக்குள் நீர் தெரிந்தது. கல்லீரல் நொதிகளோ ஏறக்குறைய சரியாக இருந்தன. அதனால் கல்லீரல் பக்கமே திரும்பாமல் சிறுநீரகத்தையும் கிருமித் தொற்றையும் தேடிக்கொண்டிருந்தேன். அந்தச் சரியான அளவுகள்தாம் துப்பு என்பது உறைக்கவில்லை. கல்லீரல் கெடவில்லை, அது சுரந்த பித்தம்தான் வழி தவறியிருந்தது.

மூன்றாம் நாள் காலை ஆச்சி ஒரு பழைய வேட்டித் துணியை விரித்தார். மலம் சுண்ணாம்பைப் போல வெளுத்திருந்தது. "ஐயா, இதையும் பாருங்கள்" என்று குழந்தையின் அரைஞாண் கயிற்றை விலக்கினார். விதைப்பை வீங்கி, தோலுக்கடியில் இளம்பச்சை ஓடியிருந்தது. தொப்புளிலும் அதே நிறம். முந்தைய நாள்களிலும் நான் அந்த வயிற்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்; துணியை முழுதாக விலக்கிப் பார்க்கவில்லை.

உடனே வயிற்றில் ஊசி போட்டு உறிஞ்சினேன். பொன்பச்சையாக ஏறியது. அதில் பித்தத்தின் மஞ்சள் நிறமியான பிலிரூபின் இரத்தத்தில் இருந்ததைவிடப் பல மடங்கு. பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பித்தநாளம் தானாகவே துளைபட்டிருக்கிறது. 1932-இலேயே டைக்ஸ்ட்ரா என்ற டச்சு மருத்துவர் எழுதிவைத்த நோய். அரிது என்பதால் நினைவுக்கு வர மறுக்கிறது.

நீரிழப்பைச் சரிசெய்து, நோய்க்கிருமிக்கான மருந்தும் வைட்டமின் கே ஊசியும் கொடுத்துவிட்டு வயிற்றைத் திறந்தோம். பித்தப்பையில் குழாய் வைத்துச் சாயம் செலுத்திப் படமெடுத்தோம். பித்தப்பையிலிருந்து வரும் நாளம் பொதுப் பித்தநாளத்தோடு சேரும் இடத்தில், வழக்கமாக ஓட்டை விழும் அதே இடத்தில், சாயம் கசிந்தது. மீதி தடையில்லாமல் குடலுக்குள் இறங்கியது. ஓட்டையைத் தேடித் தைக்கக் கை துறுதுறுத்தது. ஆனால் பித்தத்தில் ஊறி வீங்கிய திசுவுக்குள், ஈர்க்குச்சி பருமன்கூட இல்லாத நாளத்தைத் துழாவினால் ஆயுளுக்கும் சுருக்கம் விழலாம். கீழே அடைப்பு இல்லாதபோது, பித்தத்தை வெளியே வடித்துவிட்டால் பெரும்பாலும் ஓட்டை தானே மூடிக்கொள்ளும். கழுவிவிட்டு, பித்தப்பையில் வைத்த குழாயை அப்படியே விட்டு, அருகில் இன்னொரு வடிகுழாய் வைத்து மூடினேன்.

ஒன்பதாம் நாள் ஆச்சி மறுபடி துணியை விரித்தார். மஞ்சள். மூன்றாம் வாரம் திரும்பச் சாயம் விட்டுப் பார்த்தோம். கசிவில்லை, குழாயை எடுத்தேன். நாளம் பின்னால் சுருங்குகிறதா என்று பார்க்க, பீடிக் கூலி வாங்கிய மறுநாள் பஸ் ஏறி, தாய் இப்போதும் ஸ்கேனுக்குக் கொண்டுவருகிறார்.