இடது பக்கம் மூன்று விரல்

போன நவம்பரில் ஒரு மழை நாள். மேடவாக்கத்திலிருந்து வந்து கைவேலியில் மடிப்பாக்கம் பக்கம் திரும்பினேன். ரோடு எது, ஓரம் எது என்று தெரியாத அளவுக்குத் தண்ணீர். எதிரே ஒரு ஷேர் ஆட்டோ தப்பான பக்கத்தில் ஏறி வந்தது. ஸ்டீரிங்கை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் ஒடித்தேன். டமால் என்று ஒரு சத்தம். முன் சக்கரம் பிளாட்பாரக் கல்லில் மோதி, ஏறி, திரும்ப இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

"என்னடி ஆச்சு?"

"கல்லுல ஏறிடுச்சும்மா. வலிக்குதா?"

"இல்ல, நீ போ" என்றார். வலித்தது என்று முகத்தில் தெரிந்தது. குடையோடு இறங்கிப் பார்த்தேன். உடைந்த வீல் கப் துண்டு ஒன்று தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்தது. மற்றபடி இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. வண்டி ஓடியது, வீடு வந்து சேர்ந்தோம்.

இது அப்பாவின் வண்டி. 2013 ஃபோர்டு ஃபிகோ, டீசல். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்திலிருக்கும் மறைமலை நகரில் செய்தது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது அப்பா இருந்திருந்தால் மிகவும் வருத்தப்பட்டிருப்பார். அவர் போன பிறகு வண்டி என் பொறுப்பு. அம்மாவுக்கு இடுப்பில் டிஸ்க் பிரச்சினை. செவ்வாயும் வெள்ளியும் மயிலாப்பூரில் பிசியோதெரபி. இந்த வண்டி எனக்கு முக்கியமாக இருப்பதற்கு அந்த இரண்டு நாட்கள் போதும்.

மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தால், இடது முன் டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கொப்புளம். கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் நசுங்கும்போது ரப்பருக்குள் இருக்கும் நூல் இழைகள் அறுந்துவிடும். அந்த இடத்தில் காற்றைத் தாங்க வெறும் ரப்பர்தான் மிச்சம். அதை ஒட்டுப்போட முடியாது, எங்கே எப்போது வெடிக்கும் என்று சொல்லவும் முடியாது. உடனே ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். வீல் அலைன்மென்ட் பார்த்து, கம்ப்யூட்டரில் எல்லாம் பச்சையாக வந்த ஒரு காகிதத்தைக் கொடுத்து, "ஒண்ணும் இல்ல மேடம், தைரியமா ஓட்டுங்க" என்றார்கள்.

எனக்குத் தைரியம் வரவில்லை. ஸ்டீரிங் நேராகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் இடது பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் இரண்டு மூன்று தடவை ஆடிவிட்டுத்தான் நிற்கும். ராத்திரி படுத்தால் அந்த 'டக்' காதில் கேட்கும். உள்ளே ஏதோ உடையும் நிலையில் இருக்கிறது, அது அம்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் உடையப்போகிறது என்றே தோன்றிக்கொண்டிருந்தது.

அம்மா வேகத்தடைகளை எண்ண ஆரம்பித்திருந்தார். வீட்டிலிருந்து வேளச்சேரி, தரமணி, மத்திய கைலாஷ், அடையாறு வழியாக மயிலாப்பூர் வரை பெரியதும் சின்னதுமாகப் பத்தொன்பது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் கைப்பிடிக்குக் கை போகும், வாய் எண்ணைச் சொல்லும். சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி ஒரு வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் 25 கி.மீ. வேகத்தில் உடம்பு அலுங்காமல் தாண்டலாம். எங்கள் தெருவில் இருப்பது இரண்டு முழ அகலம்கூட வராது, உயரம் மட்டும் தாராளம். இதைப் போட்டவர்கள் ஒரு தடவையாவது முதுகுவலியோடு அதில் ஏறி இறங்கிப் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு நிஜமாகவே கோபம் உண்டு.

கடைசியில் ஆதம்பாக்கத்தில் அப்பா வழக்கமாகப் போகும் மெக்கானிக்கிடமே போனேன். தகர ஷெட், இரண்டு பையன்கள், தரையில் ஒரு பள்ளம். அவர் கம்ப்யூட்டர் எதையும் தொடவில்லை. முன் டயருக்குப் பின்னால், டயருக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் விரல்களைச் சேர்த்து நுழைத்தார். வலது பக்கம் நான்கு விரல் போயிற்று. இடது பக்கம் வந்து அதே மாதிரி வைத்தார். சுண்டு விரல் வெளியே நின்றது.

"பாத்தீங்களாம்மா? அங்க நாலு, இங்க மூணு. சக்கரமே பின்னாடி தள்ளி நிக்குது."

"அலைன்மென்ட் சரியா இருக்குன்னு சொன்னாங்களேண்ணா?"

"ஸ்டீரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கிற டை ராடைத் திருப்பி நேராக்கியிருப்பாங்க. ஸ்டீரிங் நேராயிடும். வளைஞ்சது வளைஞ்ச மாதிரிதான் இருக்கும்."

பள்ளத்தில் இறங்கி டார்ச் அடித்துக் காட்டினார். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் லேசாக மடங்கியிருந்தது. அந்த ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்தில் அதிர்ச்சியைத் தாங்க ரப்பர் வைத்த புஷ் இருக்கும்; பின்பக்க புஷ்ஷில் அந்த ரப்பர் பாதிக்கு மேல் கிழிந்து, பழைய செருப்பின் வார் போல இழுத்துக்கொண்டிருந்தது. ஷாக் அப்சார்பரின் மேல் எண்ணெய் கசிந்து, புழுதி ஒட்டி, கறுப்புக் களிம்பாகப் படிந்திருந்தது. பானெட் மூலையைக் கையால் அழுத்தி விட்டார். வண்டி ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. "ஒரு தடவை ஏறி நிக்கணும்மா. இது ஊஞ்சல் ஆடுது. இது கல்லுல இடிச்சதால மட்டும் இல்ல, வயசாயிடுச்சு. கல்லு காட்டிக் கொடுத்துடுச்சு."

சரி, மாற்றுவது என்று முடிவு செய்தபின் நான் ஆசையில் இன்னொரு பக்கம் போனேன். எங்கள் அபார்ட்மென்டில் ஒருவர் ஸ்பிரிங் சுருளுக்கு நடுவில் ரப்பர் பஃபர் போட்டு வண்டியை உயர்த்தியிருந்தார். ஃபிகோவின் தரை இடைவெளி 168 மி.மீ., நான்கு பேர் ஏறினால் இன்னும் குறையும். கொஞ்சம் உயர்த்தினால் கல்லும் படாது, தண்ணீரும் படாது என்று கணக்குப் போட்டேன். மெக்கானிக் அண்ணா ஒரே கேள்விதான் கேட்டார். "வண்டியில யாரு வரப்போறாங்க?" அம்மா என்றேன். "அப்ப வேணாம். ரப்பர் வெச்சா ஸ்பிரிங் அமுங்காது. அமுங்காத ஸ்பிரிங் அடியை எங்க அனுப்பும்? அம்மா முதுகுக்குத்தான்."

நியாயமான பேச்சு. பள்ளத்தின் அடியை வாங்குவது ஸ்பிரிங். வாங்கியபின் அது மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவது ஷாக். ஸ்பிரிங்கைக் கல்லாக்கிவிட்டு நல்ல ஷாக் போட்டுப் பிரயோஜனம் இல்லை. அதனால் உயரம், பெரிய டயர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நல்ல கேஸ் ஷாக் நான்கும், அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் சாமான் அத்தனையும் புதிதாகப் போடுவது என்று வைத்துக்கொண்டோம். கேஸ் ஷாக்கில் எண்ணெயோடு நைட்ரஜன் அழுத்தத்தில் அடைத்திருக்கும். மேடு பள்ளம் தொடர்ந்து வரும்போது எண்ணெய் நுரைத்துப்போகாமல் அது காக்கும். மெட்ரோ வேலை நடக்கிற ரோட்டில் தினமும் போகிறவர்களுக்கு இது கண்ணுக்குத் தெரியாத பெரிய உதவி.

ஒரு சனிக்கிழமை ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். ஜெனரல் பேட்டர்ஸ் சாலை என்று போர்டில்தான் இருக்கிறது, அப்படிச் சொல்லி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. புதுப்பேட்டையில் பாதி விலைக்குக் கழற்றிய சாமான் கிடைக்கும் என்று தம்பி சொன்னான். கதவு, கண்ணாடி என்றால் நானும் அங்கேதான் போவேன். ஷாக்குக்கும் ரப்பருக்கும் போக மாட்டேன், அவை வேறு வண்டியிலேயே தேய்ந்து வந்தவை. கடைப் பெரியவர் முதலில் கேட்டது, "பெட்ரோலா டீசலா?" டீசல் இன்ஜின் கனம், அதனால் முன் ஷாக் வேறு. பழைய ஸ்பிரிங்கில் பெயின்டால் கோடு போட்டிருக்கும், அதைப் போட்டோ எடுத்துவரச் சொல்லி அனுப்பியிருந்தார் அண்ணா. பெரியவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஸ்பிரிங்கை மாத்தாதீங்க, நல்லா இருக்கு" என்று தானாகவே ஒரு செலவைக் குறைத்தார்.

வேலை ஒரு நாள் முழுக்க நடந்தது. நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்பிரிங்கை இறுக்கிக் கழற்றும்போது மட்டும் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். அது பிடி நழுவித் தெறித்தால் ஆளையே அடித்துவிடும். இடது ஆர்ம் வெளியே வந்ததும் புதியதையும் அதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு கட்டைவிரல் அகலம் வித்தியாசம். இத்தனை நாள் இதை வைத்துக்கொண்டு அம்மாவை ஏற்றிப் போனேனே என்று வயிற்றைப் பிசைந்தது.

ஒன்றை மட்டும் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும். ஆர்ம் மாட்டிய பையன், வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே புஷ் போல்ட்டை முழுக்க இறுக்கப் போனான். அண்ணா தடுத்தார். வண்டியை இறக்கி, சக்கரம் எடையைத் தாங்கி நின்ற பிறகு, பள்ளத்திலிருந்து கை நீட்டி அவரே இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழிந்துவிடும். ஐந்து நிமிஷ வேலை. உங்கள் வண்டிக்கு யாராவது புஷ் மாற்றினால் இதைக் கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

இரண்டு முன் டயர் போக மொத்தம் 26,900 ரூபாய். கடைசியாக அலைன்மென்டும் பார்த்தோம். இந்த வண்டிக்கு இவ்வளவு செலவா, கொடுத்துவிட்டு வேறு வாங்கலாமே என்றான் தம்பி. வாங்கும் புது வண்டியும் இதே தெருவில்தான் ஓட வேண்டும் என்றேன். அதற்கு மேல் அவன் பேசவில்லை.

அடுத்த செவ்வாய் மயிலாப்பூர் போனோம். வீட்டுத் தெருவில் அம்மா "ஒண்ணு" என்றார். விஜயநகர் தாண்டும்போது "ஆறு." அப்புறம் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மாப்பிள்ளை வீட்டார் சீர் கேட்ட கதை மந்தைவெளி வரை நீண்டது. கை மடியில் இருந்தது. அந்த 'டக்' எங்கேயும் வரவில்லை. நான் ரேடியோவை அணைத்துவிட்டு அதற்காகக் காத்திருந்தேன், வரவே இல்லை. இறங்கும்போது "எத்தனைம்மா ஆச்சு?" என்று கேட்டேன். "எதுடி?" என்றார்.

புது ரப்பர் படிந்து உட்கார ஆயிரம் கி.மீ. ஆகும், அதன்பின் ஒருமுறை அலைன்மென்ட் பார்க்கச் சொன்னார் அண்ணா. இப்போது 640 ஓடியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைத் துடைக்கும்போது இரண்டு பக்கமும் விரல் வைத்துப் பார்க்கிறேன். அங்கேயும் நாலு, இங்கேயும் நாலு. வளைந்த பழைய ஆர்மைக் காயலான் கடையில் போடாமல் பால்கனியில் வைத்திருக்கிறேன். மழை நாளில் கைவேலிப் பக்கம் போகாமல் சுற்றிப் போகிறேன், பத்து நிமிஷம் கூட ஆகிறது.