காற்று வரும் திசை

கணித ஆசிரியர் நியமனக் கடிதத்தில் நெடுந்தீவு என்று இருந்ததைக் கண்ட அன்று வீட்டில் எல்லோரும் கேட்டது, அங்கிருந்து எப்போது இடமாற்றம் எடுக்கலாம் என்பதைத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் வரை பஸ். அதன் பின் ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம். யாழ்ப்பாணத்துத் தீவுகளில் பெரியவற்றுள் இதுவும் ஒன்று என்றாலும், தரைவழி இணைப்பு இல்லாததால் ஆசிரியர்கள் கட்டாய சேவைக் காலத்தை எண்ணிக்கொண்டே வருகிறார்கள், முடிந்ததும் போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். நான் தங்கிய வீட்டு அம்மா முதல் நாளே, "தம்பி, நீங்களும் மூண்டு வருசமோ?" என்று கேட்டார். அந்தக் குரலில் கோபம் இல்லை. பழகிப்போன ஒரு கணக்கைச் சரிபார்ப்பதுபோலக் கேட்டார்.

அந்தக் கணக்கின் விலையைத் தரம் 9 வகுப்பில் கண்டேன். ஆசிரியர்கள் அடுத்தடுத்து மாறியிருந்தார்கள். வந்த ஒவ்வொருவரும் அடிப்படையிலிருந்து தொடங்குவதே நல்லது என்று நினைத்துப் பின்னங்களைக் கற்பித்திருந்தார்கள். பிள்ளைகள் பின்னத்தில் கெட்டிக்காரராக இருந்தார்கள், அட்சரகணிதத்தை மட்டும் ஒருவரும் தொட்டிருக்கவில்லை. யார் மீதும் குற்றமில்லை. எதுவரை கற்பித்தோம், எந்தப் பிள்ளை எந்த இடத்தில் இடறுகிறது என்பதை எழுதி வைத்துவிட்டுப் போகும் பழக்கம்தான் இல்லாமல் இருந்தது. அன்று ஒரு தடித்த கொப்பி வாங்கி எழுதத் தொடங்கினேன்.

என்னை இங்கே இருக்க வைத்தது திசைகோள் பாடம், அதாவது ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் இருக்கும் திசையை வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்த கோணமாகச் சொல்லும் பாடம். கடற்றொழிலாளர் வீட்டுப் பையன் ஒருவன், கணக்கில் கூர்மையானவன், "A இலிருந்து B இன் திசைகோள்" என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் நேரெதிரான விடையையே எழுதினான். 045° என்று வரவேண்டிய இடத்தில் 225° இருக்கும். கவனக்குறைவு என்று நினைத்து இரண்டு ஆண்டுகள் சிவப்பு மையால் வெட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டில் ஒருநாள் அவனைப் பக்கத்தில் இருத்தி, எப்படி யோசிக்கிறாய் என்று கேட்டேன். "சேர், காத்து வாற பக்கத்தைத்தானே சொல்லுறது?" என்றான். அவன் வீட்டில் வாடை என்றால் வடகிழக்கிலிருந்து வருவது, சோளகம் தென்மேற்கிலிருந்து வருவது, கச்சான் மேற்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து. அங்கே திசைக்குப் பெயர் வைப்பது புறப்படும் இடத்தைக் கொண்டு. பாடநூலிலோ நோக்கும் இடத்தைக் கொண்டு. அவன் பிழையே விடவில்லை, வேறொரு முறைப்படி சரியாகவே கணித்திருக்கிறான். அதைக் கண்டுகொள்ள எனக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன, அதாவது இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கும் காலம் வரை. அந்த ஆண்டு நான் விண்ணப்பிக்கவில்லை.

இப்போது அந்தப் பாடத்தைக் காற்றிலிருந்தே தொடங்குகிறேன். குறிகட்டுவானிலிருந்து பார்த்தால் நெடுந்தீவு தென்மேற்கே இருக்கிறது. ஆகவே சோளகக் காலத்தில் ஊருக்குத் திரும்பும் படகு காற்றை எதிர்த்தே வரவேண்டும். இதைச் சொல்லிவிட்டு, காற்றுக்கு ஒரு நிறத்திலும் படகுக்கு இன்னொரு நிறத்திலும் அம்புக்குறி வரைய வைத்தால், 180° வித்தியாசம் தானாகவே வகுப்பில் விளங்கிவிடுகிறது.

இங்கே தொழிலில் முன்னேறுவது இலகு என்று சொல்லமாட்டேன். பட்டப்பின் கல்வி டிப்ளோமா படித்த காலத்தில் சனிக்கிழமை விரிவுரைக்காக வெள்ளிக்கிழமையே கடல் கடக்க வேண்டியிருந்தது. கடல் கொந்தளித்தால் கருத்தரங்கும் இல்லை, செயலமர்வும் இல்லை. பாடத்துக்கு ஒரே ஆசிரியர் என்பதால், ஐயம் வந்தால் கேட்பதற்குப் பக்கத்து அறையில் இன்னொரு கணித ஆசிரியர் கிடையாது. பிள்ளைத் தொகை குறைந்த வகுப்புகளை ஒன்றாக இருத்திக் கற்பிக்கும்போது, ஒரு பிரிவுக்குப் பயிற்சியைக் கொடுத்துவிட்டு மற்றப் பிரிவுக்கு விளக்குவதை நானாகவே பழகிக்கொண்டேன். அதற்கான பாடக் குறிப்பைத் தயாரிக்க இரவில் இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

புதிதாக வருபவர்களுக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். இங்குள்ளவர்களுக்குப் படகு என்பது பஸ்ஸைப் போன்ற ஒரு வாகனம் மட்டுமல்ல. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் சென்ற பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த நினைவோடுதான் ஊரார் இன்றும் பிள்ளைகளைப் படகேற்றுகிறார்கள். மே மாதத்தில் ஒரு பிள்ளை வகுப்பில் பேசாமல் இருந்தால், வீட்டுப்பாடத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் வீட்டைப் பற்றிக் கேளுங்கள்.

வீட்டு அம்மா இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. இந்த ஆண்டு புதிதாக ஒரு கணித ஆசிரியை வந்திருக்கிறார். என் கொப்பிகள் ஐந்தையும் அவரிடம் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போக வேண்டும், நாளை படகு ஓடுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டார். தரம் 9 பிள்ளைகளிடம் கேட்கச் சொன்னேன்.