ஆடியில் அடிக்கும் வாடை: அமோர்கோஸிலிருந்து நாக்ஸோஸ் வரை, தீவு தீவாகக் கப்பலில்

கிரீஸின் ஏஜியன் கடலில் நாக்ஸோஸுக்கும் அமோர்கோஸுக்கும் நடுவே இராக்லியா, ஸ்கினூசா, கூஃபோனீசி, தொனூசா என்று நாலு குட்டித் தீவுகள். சிறு கிக்லாடிஸ் என்பார்கள். ஜனம் குடியிருக்கும் கூஃபோனீசி 6 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. எதிலும் விமான நிலையம் கிடையாது. கப்பலை விட்டால் வேறு வழியில்லை. கப்பலோ காற்று விட்டால்தான் வரும்.

நம் ஊரில் ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் அதே வாரங்களில் அங்கேயும் காற்றுக்காலம். பெயர் மெல்தேமி. அடிப்பது வடக்கிலிருந்து, அதாவது வாடை. ஆனால் மழை ஒரு சொட்டு இருக்காது, வானம் கழுவிவிட்ட மாதிரி நீலமாக இருக்கும். பால்கன் பக்கம் உயர் அழுத்தம், துருக்கிப் பக்கம் தாழ்வழுத்தம், இரண்டுக்கும் நடுவே ஏஜியன் ஒரு சந்து. அந்தத் துருக்கித் தாழ்வழுத்தம், நம் தென்மேற்குப் பருவக்காற்றை இழுக்கும் பெரிய தாழ்வழுத்தத்தின் மேற்கு வால்தான். வெயில் அடிக்கிறதே, கடல் சாதுவாக இருக்கும் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். காற்று முற்பகலில் எழுந்து, பிற்பகலில் உச்சம் தொட்டு, இரவில் பெரும்பாலும் இறங்கும். விடாமல் மூன்று நாலு நாள் அடிப்பதும் உண்டு.

இந்தக் கணக்கை வைத்துத்தான் போகும் திசையைத் தீர்மானிக்க வேண்டும். இந்தத் தீவுகளைக் கோக்கும் கப்பல் எக்ஸ்பிரஸ் ஸ்கோபெலீதிஸ். 1986-இல் கட்டிய சின்னக் கப்பல். அமோர்கோஸின் காத்தபோலா துறைதான் அதன் வீடு. விடியற்காலையில் அங்கிருந்து கிளம்பி நாக்ஸோஸ் வரும், பிற்பகலில் திரும்பும். பெரும்பாலான பயணிகள் ஏதென்ஸிலிருந்து நாக்ஸோஸ் வந்து, பிற்பகல் கப்பல் ஏறி, காற்றின் உச்சத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். மாற்றிச் செய்யுங்கள். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து பெரிய கப்பலில் நேராகக் காத்தபோலா போய்விட்டு, காலைக் கப்பல்களில் ஒவ்வொரு தீவாக நாக்ஸோஸை நோக்கி வாருங்கள். பெரிய கப்பல் நள்ளிரவு தாண்டியும் காத்தபோலாவில் இறக்கிவிடும். அது ஒன்றுதான் சங்கடம். தங்குமிடத்துக்குக் கப்பல் பெயரை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பல இடங்களில் துறைக்கே ஆள் வந்து கூட்டிப்போவார்.

குலுக்கல் எங்கே என்பதும் வரைபடத்திலேயே தெரியும். கூஃபோனீசி, ஸ்கினூசா, இராக்லியா மூன்றும் நாக்ஸோஸின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கியிருப்பவை. 1,000 மீட்டரைத் தாண்டும் ஸாஸ் மலை அலையை ஓரளவு மறைக்கும். தொனூசா அந்த மறைவுக்கு வெளியே, வடகிழக்கில் தனியாக நிற்கிறது. அமோர்கோஸின் எகியாலி துறையிலிருந்து தொனூசா வழியாகக் கூஃபோனீசி வரும் வரைதான் வயிற்றுக்குச் சோதனை. மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உட்காருங்கள். முன்முனை ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கும். வெறும் வயிறும் வேண்டாம், பால் கலந்த காபியும் வேண்டாம். கடைகளில் கிடைக்கும் பாக்ஸிமாதி என்ற காய்ந்த ரொட்டி நல்ல துணை.

தீவில் இறங்குவதும் ஏறுவதும் தனி வித்தை. கப்பல் துறைக்குள் வந்ததும் நங்கூரத்தைப் போட்டுவிட்டு அப்படியே திரும்பி, பின்புறத்தைக் கரைக்குக் காட்டிப் பின்னாலேயே வரும். கரை இன்னும் சில மீட்டர் இருக்கும்போதே பின்கதவு சங்கிலிச் சத்தத்தோடு இறங்கத் தொடங்கும். நுனியில் கனம் கட்டிய மெல்லிய கயிறு கரைக்குப் பறக்கும். கீழே நிற்பவர் அதை இழுக்க, பின்னால் தடித்த வடம் வந்து இரும்புக் குற்றியில் விழும். எல்லாம் சேர்த்து ஐந்து பத்து நிமிடம். அதனால்தான் தீவின் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னதுமே எல்லோரும் கீழே வண்டித்தளத்தில் டீசல் வாடையில் மூட்டையும் கையுமாக நிற்கிறார்கள். மேல்தளத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தால் அடுத்த தீவில்தான் இறங்க முடியும். வண்டித்தளத்தில் பைகளை வைக்கத் தட்டுகள் இருக்கும், பெரிய கப்பல்களில் தீவின் பெயரும் ஒட்டியிருக்கும். பாஸ்போர்ட், மாத்திரை, பணம் மூன்றையும் அந்தப் பையில் விடாதீர்கள். கடலில் ஓடும்போது கீழே இறங்க விடமாட்டார்கள். சக்கரப் பெட்டியைவிட முதுகுப்பை மேல். ஸ்கினூசாவில் மெர்ஸீனி துறையிலிருந்து ஊருக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் ஏற்றம்.

பிரேயஸில் சறுக்குவது வாசலில்தான். துறைமுகம் குதிரைலாடம் மாதிரி வளைந்தது, வாசல்களுக்கு எண் உண்டு. மெட்ரோவுக்கு எதிரே இருப்பது 7-ஆம் எண் வாசல். 1-ஆம் எண் மறுகரையில், நடந்தால் அரை மணி. சீட்டில் வாசல் எண்ணைப் பார்க்காமல் மெட்ரோவிலிருந்து இறங்காதீர்கள். விமான நிலையத்திலிருந்து மூன்றாம் தட மெட்ரோ 2022 முதல் பிரேயஸ் வரை நேராக வருகிறது, சுமார் ஒரு மணி நேரம். சீட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். தலைப்பெழுத்தை மனம்போல முன்னும் பின்னும் போட வேண்டாம்.

காற்று மிஞ்சினால் துறைமுகக் காவல் புறப்பாட்டைத் தடை செய்யும். அதற்கு அபகோரெஃப்திகோ என்று பெயர்; துறையில் இந்தச் சொல் காதில் விழுந்தால் பையை இறக்கி வைத்துவிடலாம். சாதாரணக் கப்பல்களுக்குத் தடை வருவது பொதுவாக, காற்றின் வேகத்தைச் சொல்லும் போஃபோர்ட் அளவில் 8, அதாவது மணிக்கு 62 கிலோமீட்டருக்கு மேல். அதிவேகப் படகுகளும் சிறியவையும் 6, 7-லேயே நிற்கும். யாரும் வாதாட மாட்டார்கள். 2000 செப்டம்பர் 26 இரவு, பாரோஸ் தீவின் துறைக்கு வெளியே போர்த்தெஸ் பாறையில் மோதி எக்ஸ்பிரஸ் சமினா என்ற கப்பல் மூழ்கி 80 பேருக்கு மேல் இறந்தது அங்கே யாருக்கும் மறக்கவில்லை. ரத்தானால் முழுப் பணமோ வேறு கப்பலோ, இரண்டில் ஒன்றைக் கேட்டு வாங்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 விதி, கப்பல் ரத்தானால் இரவுக்கு 80 யூரோ வீதம் மூன்று இரவுவரை தங்கும் செலவைத் தரச் சொல்கிறது. ஆனால் காரணம் வானிலை என்றால் அது கிடையாது, விடுதிச் செலவு உங்களுடையதே. ஆகவே விமானத்துக்கு முந்தைய இரவையாவது ஏதென்ஸில் வையுங்கள். ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் அதற்கு முன் ஒரு நாளை நாக்ஸோஸில் சும்மா விடுவது நல்லது. அங்கிருந்து பெரிய கப்பல்கள் தினமும் உண்டு, காற்று இறங்கியதும் முதலில் கிளம்புவதும் அவைதான்.

குளிர்காலத்திலும் ஸ்கோபெலீதிஸ் ஓடுகிறது, அரசு மானியத்தில். லாபமில்லாத இத்தடங்களுக்கு கிரேக்கர்கள் வைத்த பெயர் ஆகோனி கிரம்மி, தரிசுத் தடம். அதனால்தான் அட்டவணையும் மெதுவாக, பல சமயம் சில வாரங்களுக்கு முன்புதான் வெளியாகும். ஜனவரியிலேயே ஆகஸ்ட் சீட்டைத் தேடிக் கிடைக்கவில்லை என்று பதற வேண்டாம். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு; எல்லா நாளும் தொனூசாவைத் தொடுவதும் இல்லை. தொனூசாவில் இரண்டு இரவு என்று அறை எடுக்குமுன், மூன்றாம் நாள் காலை கப்பல் அங்கே வருகிறதா என்று பாருங்கள்.