மட்டிப் பழத்துக்கு ஒரு மெல்லிய மேலுறை

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் கன்னியாகுமரி மட்டி வாழைப்பழம், மார்த்தாண்டம் சந்தையில் குலையாகத் தொங்கும்போது கறையின்றி இருந்தாலும், வீட்டில் பழுத்ததும் கரும்புள்ளி பரவிக் குழைந்துபோவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வாழைப் பழங்களில் இதற்கு முதன்மைக் காரணமான கொலட்டோட்ரைக்கம் மியூசே என்னும் பூஞ்சை, காய் பச்சையாக இருக்கும்போதே தோலில் ஒட்டி முளைத்து, பழுக்கும் வரை அடங்கிக் கிடக்கிறது. ஆகவே புள்ளி தெரிந்த பின் மருந்து தேடுவதில் பயனில்லை. குலையை வெட்டியவுடன் காப்பிட வேண்டும்.

அதற்கான பொருள்கள் நம் மாவட்டத்திலேயே உள்ளன என்பதே எனக்குப் பெரும் நம்பிக்கையைத் தருகிறது. மலையோரத் தோட்டங்களில் விளையும் கிராம்பின் எண்ணெயில் பெரும்பகுதியாக உள்ள யூஜினால், பூஞ்சையின் உயிரணுச் சவ்வைச் சிதைக்கிறது. இறால் ஓட்டிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசான், நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைந்து, பழத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாக உலர்ந்து, நீரிழப்பையும் சுவாசத்தையும் குறைப்பதோடு பூஞ்சையையும் ஓரளவு தடுக்கிறது. இரண்டையும் சேர்த்தால், விரைவில் ஆவியாகும் எண்ணெயைப் படலம் பிடித்துவைத்து மெல்ல வெளியிடும்.

அளவு மிகுந்தால் கிராம்பெண்ணெய் தோலைக் கருக்கும், சுவையிலும் ஏறும். படலம் தடித்தால் உயிர்வளி கிடைக்காமல் பழம் உள்ளுக்குள் புளிக்கும். மெல்லிய தோலுடைய மட்டிக்கு, ஏத்தன் என்னும் நேந்திரன் வாழைக்குப் பொருந்திய அளவை அப்படியே எடுக்காமல், முதலில் சில சீப்புகளில் மட்டும் சோதித்துப் பார்ப்பதே முறை.