கல்வெட்டு அடிக்கும் வேலை

யாழ்ப்பாணத்தில் செத்தவீடு நடந்து, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்த கையோடு வீட்டார் அச்சகத்துக்கு வந்துவிடுவார்கள். ஒரு படமும், கொப்பித் தாளில் எழுதிய நாலு வரியும் கொண்டுவருவார்கள். முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்க நினைவு மலர் வேண்டும். பழைய ஆட்களுக்கு அது இன்னமும் கல்வெட்டுத்தான். மிச்சமிருப்பது மூன்று கிழமை. கடைசி ஐந்து நாளை அச்சுக்கும் மடிப்புக்கும் கட்டுக்கும் ஒதுக்கினால், எழுதவும் திருத்தவும் இரண்டு கிழமைதான் தேறும். அதிலும் பாதி, ‘கனடாவில் இருக்கிற அண்ணா பார்த்துச் சொல்லுவார்’ என்பதிலேயே போய்விடும்.

முதலில் பிடிக்க வேண்டியது திதி. ஆண்டுத் திவசம் ஆங்கிலத் தேதியில் வராது, மாதமும், வளர்பிறையா தேய்பிறையா என்ற பட்சமும், திதியும் பார்த்துத்தான் வரும். ஆகவே மலரில் பிழையாக அச்சான திதி, வருடா வருடம் பிழையான நாளில் படையலாகிவிடும். வருடப் பெயரிலேயே தடுக்கி விழுகிறவர்கள் உண்டு. 2022 சித்திரையில் பிறந்தது சுபகிருது, அடுத்தது சோபகிருது. ஓர் எழுத்துப் பிசகினால் ஒரு வருடம் போய்விடும். 2024 பெப்ரவரியில் இறந்தவருக்குக் குரோதி என்று எழுதிக்கொண்டு வருவார்கள். சித்திரை பிறக்கும்வரை அது சோபகிருதுதான். துவிதியை, திரிதியை, துவாதசி, திரயோதசி என்பவற்றைத் தொலைபேசியில் கேட்டு எழுதவே கூடாது.

வெளிநாட்டு மரணம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். திதி முடியும் கணம் உலகம் முழுக்க ஒன்றுதான். கடிகாரம்தான் ஊருக்கு ஊர் வேறு. யாழ்ப்பாணத்தில் காலை 8 மணிக்குத் தசமி முடிகிறது என்றால், கோடை காலத்து ரொறன்ரோவில் அது முதல்நாள் இரவு 10.30. அங்கே இரவு 11 மணிக்குப் போனவருக்கு ஏகாதசி. இங்குள்ள பஞ்சாங்கத்தை எடுத்து அதே தேதி, இரவு 11 என்று பார்த்தால் தசமி என்றுதான் காட்டும். இதற்கு மேல், பழைய வாய்பாட்டில் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கமா, இன்றைய வானியல் கணிப்பில் வரும் திருக்கணிதமா என்ற கேள்வி வேறு. அதை அச்சகம் தீர்க்கக் கூடாது. வீட்டுக்குரிய ஐயர் எந்தப் பஞ்சாங்கம் பார்க்கிறாரோ அதிலே, இறந்த இடத்தையும் நேரத்தையும் சொல்லி எழுதி வாங்க வேண்டும்.

இறந்த திதியைப் பாட்டில் சொல்லும் திதி வெண்பா நாலு வரி. சீரும் தளையும் இடம் கொடுக்காதபோது எழுதுகிறவர் பெயரையே சுருக்குவார். பட்சத்தை ஓர் அசைக்குள் அடக்குவார். வெண்பாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. அதன் கீழே முழுப்பெயர், தேதி, நேரம், இடம், வருடம், மாதம், பட்சம், திதி எல்லாவற்றையும் உரைநடையில் போட்டுவிட வேண்டும்.

அடுத்தது உறவுமுறைப் பந்தி. ‘இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும்’ என்று நீளும் அந்த ஒரே வாக்கியத்தில் ஒரு சொல் ஆளையே கொல்லும். ‘காலஞ்சென்ற கந்தையா, செல்லம்மா தம்பதிகளின் மகன்’ என்றால் செல்லம்மா இருக்கிறாரா இல்லையா? இருவரும் இல்லையென்றால் ‘காலஞ்சென்றவர்களான’ என்று வர வேண்டும். சகோதரர் வரிசையில் இறந்தவர்களை முதலில் சேர்த்துச் சொல்லி, ‘மற்றும்’ போட்டுப் பிரித்து, பிறகு இருக்கிறவர்களை எழுத வேண்டும். அந்த ‘மற்றும்’ தவறிப்போய் ஒரு காற்புள்ளி மட்டும் நின்றால், லண்டனில் உயிரோடு இருக்கிற அக்காவும் காலமாகிவிடுவார். பேரப்பிள்ளைகளின் பெயர்கள் ஆங்கில எழுத்தில் வரும். டிலக்‌ஷனா திலக்‌ஷனா என்று நாமாக முடிவெடுக்காமல் தாய் தகப்பனிடம் கேட்க வேண்டும்.

வம்சாவளியை நடுப்பக்கத்தில் போடுங்கள். பின் அடித்துக் கட்டும் புத்தகத்தில் பக்கத் தொகை 4இன் மடங்காகத்தான் வரும். 16 பக்கம் என்றால் 8ஆம் 9ஆம் பக்கங்கள் ஒரே தாள், கோடு கோட்டோடு சேரும். 6ஆம் 7ஆம் பக்கத்தில் விரித்தால் இரண்டும் வேறு வேறு தாள். மடிப்பில் ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் மருமகன் வேறு வீட்டுக்குப் போய்விடுவார்.

படம் வட்ஸ்அப்பில் சும்மா வந்தால் சுருங்கித்தான் வரும், டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்ல வேண்டும். அட்டையில் 4 அங்குல அகலத்துக்கு 1200 பிக்சல் தேவை. 35 மில்லிமீற்றர் பாஸ்போட் படம் மட்டும்தான் இருக்கிறதென்றால் மூன்று மடங்கு பெரிதாக்க வேண்டும். ஸ்கான் 900 டிபிஐக்குக் குறையக் கூடாது. கண்ணாடியோடு ஒட்டிப்போன பழைய படத்தைப் பிரிக்க வெளிக்கிட்டால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடே ஸ்கான் செய்யலாம். இப்போது படத்தைத் துலக்கித் தரும் செயலிகள் இருக்கின்றன. நெற்றித் தழும்பையும் மச்சத்தையும் அழித்து, யாரோ ஒருவருடைய அழகான முகத்தைத் தந்துவிடும். மனைவிக்குக் காட்டாமல் அச்சுக்கு விடக் கூடாது.

எழுத்துருவில் ஒரு பழைய வில்லங்கம் உண்டு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய பந்தி யூனிகோட்டுக்கு மாற்றப்படாமல் வந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பக்கம் அமைக்கும் இன்டிசைன் செயலியில் வேர்ல்ட்-ரெடி கொம்போசரைத் தெரிவுசெய்யாவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

இவ்வளவும் சரியாக வந்தாலும் வாழ்க்கை வரலாற்றுப் பக்கம் பெரும்பாலும் வெறுமையாகத்தான் இருக்கும். ‘இன்முகமும் நற்பண்பும் ஒருங்கே அமையப்பெற்ற’ என்று தொடங்கினால் அது எந்த ஊரில் எவருக்கும் பொருந்தும். பிள்ளைகளிடம் கேட்டால் பட்டமும் பதவியும் சொல்வார்கள். அவர்கள் கண்டது அப்பாவை. சிநேகிதரைத் தேடிப்பிடித்து அரை மணித்தியாலம் கேட்க வேண்டும். ‘எப்படிப்பட்டவர்’ என்று கேட்டால் ‘நல்ல மனுசன்’ என்று முடித்துவிடுவார். பின்னேரம் எங்கே இருப்பார், சைக்கிளை எங்கே சாத்துவார், யாரோடு கோபித்தார், கடனாகக் கொடுத்த காசை எப்படிக் கேட்பார் என்று கேட்க வேண்டும். ‘சங்கக்கடை விறாந்தையில் பேப்பரைப் பின்பக்கத்திலிருந்து வாசிப்பார், மரண அறிவித்தல் முடித்துத்தான் அரசியல்’ என்பது போல ஒரு வரி கிடைத்தால் அது போதும். மச்சான் முறையானவரிடமும் தனியாகக் கேளுங்கள்; பிள்ளைகள் அறியாத பகிடிகள் அங்கேதான் இருக்கும். அதற்கு இடம் காணாதென்றால் தேவாரப் பக்கத்தில் ஒன்றைக் குறைக்கலாம் என்பது என் எண்ணம். பஞ்சபுராணம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது.

ஈழத்து நூல்களைச் சேர்த்துவைக்கும் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் நினைவு மலர்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. இடம்பெயர்ந்து போன குடும்பங்களின் தொடர்பைத் தேடுகிறவர்களுக்கு அந்த வம்சாவளியும் அந்த ஒரு பக்க வரலாறும் பெரிய உதவி. பிடிஎஃப் ஒன்றை அங்கே கொடுக்கும்படி வீட்டாருக்குச் சொல்லலாம்.

நன்றி நவிலலில் தனிப்பெயர் போடாதிருப்பது நல்லது. விடுபட்ட ஒருவர் அடுத்த நல்லது கெட்டதுக்கு வரமாட்டார். திருத்தப் பிரதியைத் தாளில் எடுத்து, உறவெல்லாம் தெரிந்த வயதான மாமி ஒருவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். கண்ணுக்குத் தப்புவது அவர் காதுக்குத் தப்பாது.

திதிப் பக்கத்தை அட்டையின் உட்புறத்தில் போடச் சொல்லிக் கேட்பார்கள். பளபளப்பு அட்டையில் பேனை மை இழுபடும், பென்சில் பிடிக்காது. உள்ளே 80 ஜீஎஸ்எம் சாதாரணத் தாளின் முதற்பக்கத்தில் போட்டு, கீழே அரைப்பக்கம் வெறுமையாக விடுங்கள். வருகிற வருடங்களின் திவசத் தேதியை வீட்டில் ஒருவர் அதிலேதான் குறித்து வைப்பார்.