வண்டி நம்பர் கேமரா: படம் எங்கே போகிறது?

வண்டி நம்பரைப் படிக்கும் போலீஸ் கேமரா வேண்டுமா வேண்டாமா என்று கலிபோர்னியாவில் எங்கள் பே ஏரியா (சான் பிரான்சிஸ்கோ வட்டாரம்) வாட்ஸ்அப் குழுவில் பெரிய வாக்குவாதம். கார் கண்ணாடியை உடைத்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனதில் நொந்தவர்கள் வேண்டும் என்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் எடுத்த படம் எத்தனை நாள் இருக்கும், யார் தேடலாம் என்று ஒருவரும் கேட்கவில்லை. டேட்டாபேஸ் பராமரிப்பு என் பிழைப்பு என்பதால் எனக்கு முதலில் தோன்றுவது அதுதான்.

கறுப்புக் கம்பம், உச்சியில் சின்ன சோலார் பலகை, கீழே கையடக்கமான கேமரா. கடந்து போகும் ஒவ்வொரு வண்டியின் பின்பக்கத்தையும் படம் எடுத்து நம்பர், நிறம், கூரையில் இருக்கும் கேரியர் எல்லாவற்றையும் நேரத்தோடு பதிகிறது. திருட்டு வண்டி என்றால் உடனே போலீஸுக்குத் தகவல் போகும். சரி, அது நல்ல விஷயம்தான். மற்ற வண்டிகள்? 2020-இல் கலிபோர்னியா மாநிலத் தணிக்கையாளர் பார்த்தபோது லாஸ் ஏஞ்சலஸ் போலீஸிடம் 32 கோடி படங்கள் இருந்தன. அவற்றில் 99.9 சதவீதம், படம் எடுத்த நேரத்தில் தேடப்படும் பட்டியலில் இல்லாத வண்டிகள். கோயிலுக்கோ டாக்டரிடமோ வக்கீலிடமோ போனவர்கள்.

கான்சஸ் மாநிலத்தில் செட்ஜ்விக் என்று ஒரு சின்ன ஊர். அதன் போலீஸ் தலைவராக இருந்தவர், பிரிந்துபோன காதலியின் வண்டியையும் அந்தப் பெண்ணின் புதுத் துணைவருடைய வண்டியையும் 2023-இல் சில மாதங்களுக்குள் 228 தடவை தேடியிருக்கிறார். ஒவ்வொரு தேடலுக்கும் காரணம் எழுத வேண்டும்; பொய்யாக எதையோ எழுதினார், மென்பொருள் ஏற்றுக்கொண்டது. லாக், அதாவது யார் எப்போது எதைத் தேடினார் என்ற பதிவு, இருந்ததால்தான் இந்த எண்ணிக்கையே தெரியவந்தது. அதை வாராவாரம் வெளியாள் ஒருவர் படித்திருந்தால் பத்தாவது தேடலிலேயே பிடித்திருக்கலாம். லாக் எழுதுவது மிஷின் செய்யும் வேலை, அதைப் படிக்கத்தான் ஆள் வேண்டும்.

இன்னொன்று, 2025 மே மாதம் வெளிவந்தது. டெக்சஸில் ஒரு ஷெரிஃப் (மாவட்டப் போலீஸ்) அலுவலகம், கருக்கலைப்பு செய்துகொண்ட ஒரு பெண்ணைத் தேடி நாடு முழுக்க 83,000-க்கும் மேற்பட்ட கேமராக்களைத் துழாவியது. கருக்கலைப்பு சட்டப்படி செல்லும் மாநிலங்களின் கேமராக்களும் அதில் உண்டு. அந்த ஊர்களின் மக்களை யாரும் கேட்கவில்லை.

கலிபோர்னியாவில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 2016 முதல் அமலில் உள்ள எஸ்.பி. 34 என்ற அந்தச் சட்டம், வெளி மாநிலத்துக்கோ மத்திய அரசுக்கோ இந்தப் பதிவுகளைக் கொடுக்கக்கூடாது என்கிறது. ஆனாலும் எல் கஹோன் நகரம் கொடுத்தது என்று மாநில அட்டர்னி ஜெனரலே 2025-இல் வழக்குப் போட வேண்டிவந்தது. நெடுஞ்சாலைப் போலீஸ் 60 நாளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. ஊர் போலீஸுக்கும் அப்படி ஒரு வரம்பு கொண்டுவந்த மசோதாவை அதே வருஷம் ஆளுநர் நியூசம் வீட்டோ செய்துவிட்டார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

நியூ ஹாம்ப்ஷயரில் 3 நிமிடம்தான். பட்டியலில் இல்லாத வண்டியா, அதற்குள் அழித்துவிட வேண்டும். எனக்குப் பிடித்த பாதுகாப்பு இதுதான். முப்பது நாள் வைத்துவிட்டு அழித்தோம் என்று சொல்வதை நான் லேசில் நம்பமாட்டேன். பேக்கப்பில் ஒரு பிரதி கிடக்கும், பக்கத்து ஊர் இறக்கி வைத்தது இன்னொன்று கிடக்கும். 3 நிமிடத்தில் போய்விட்டால் கொடுப்பதற்கே எதுவும் இருக்காது.

எங்கள் நகரசபையில் கேமரா ஒப்பந்தம் சீக்கிரமே புதுப்பிக்க வருகிறது. பேச எனக்குக் கிடைப்பது இரண்டே நிமிடம். கேஸ் நம்பர் இல்லாமல் தேட முடியாதபடி மென்பொருளிலேயே பூட்டுவீர்களா, வெளியூர்த் தேடலை மூடுவீர்களா, அப்புறம் லாக்கைப் படிக்கப்போகிறவர் யார், அவர் போலீஸ் துறைக்கு வெளியே இருப்பவரா என்று கேட்கப்போகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் வாருங்கள், ஆளுக்கு ஒரு கேள்வியாவது கேட்போம்.