கணினி திடீரென்று மந்தமானால், ஃபார்மட் செய்வதற்கு முன்

மேசைக் கணினி ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல மந்தமாவது ஒன்று. நேற்று மாலைவரை நன்றாக ஓடிய கணினி இன்று காலை ஓர் எக்செல் கோப்பைத் திறக்கவே இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்வது வேறொன்று. முன்னதற்கு வயதும் புதிய மென்பொருள்களின் பாரமுமாகப் பல காரணங்கள் சேர்ந்திருக்கும். பின்னதற்கு அநேகமாக ஒரே காரணம்தான் இருக்கும், தேடினால் அது அகப்படவும் செய்யும். ஆனால் சர்வீஸுக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் இரண்டுக்கும் கிடைக்கும் பதில், "ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டுடலாம்" என்பதுதான்; அதாவது டிஸ்க்கில் உள்ளதை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பழுது வன்பொருளில் இருந்தால் ஃபார்மட் எதையும் சரிசெய்யாது. ஹார்டு டிஸ்க்கே சாகக் கிடக்கிறது என்றால், குடும்பப் புகைப்படங்களையும் கடைக் கணக்கையும் மீட்க இருந்த கடைசி வாய்ப்பையும் அது அழித்துவிடும்.

முதலில் கணினியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஷட் டவுன் செய்து மறுபடி போடுவது அதற்கு ஈடாகாது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் உட்கருவான 'கெர்னல்' இருக்கும் நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே திரும்ப ஏற்றப்படுகிறது. வன்பொருளை இயக்கும் 'டிரைவர்' என்ற சிறு மென்பொருள் ஏதேனும் சிக்கிக்கொண்டிருந்தால் அதுவும் கூடவே திரும்பி வரும். ரீஸ்டார்ட் செய்தபின் பத்து நிமிடம் கணினியைச் சும்மா விட்டுவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் அப்டேட்டோ வைரஸ் சோதனையோ பின்னணியில் ஓடினால் பிராசஸஸ் பட்டியலிலேயே அதன் பெயர் மேலே நிற்கும். அது முடியும்வரை பொறுத்திருந்தால் போதும். மெமரி 90 விழுக்காட்டைத் தாண்டி நின்றால், எந்த நிரல் அதை விழுங்குகிறது என்பதும் அங்கேயே தெரியும்.

கவனம் அதிகம் தேவைப்படுவது டிஸ்க்தான். எனக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவரின் கணினியில் டிஸ்க் 100 விழுக்காடு என்று காட்டியது. ஆனால் படிக்கும் வேகமும் எழுதும் வேகமும் நொடிக்கு ஒரு எம்.பி.கூட இல்லை. அதே பக்கத்தில் 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' என்று ஓர் எண் இருக்கும். அது ஆயிரக்கணக்கான மில்லி நொடிகளில் நின்றது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க் ஒரு சுற்றை 8.3 மில்லி நொடியில் முடித்துவிடும் என்பதால், வேலை நெருக்கடி இல்லாத நேரத்தில் பத்து இருபது மில்லி நொடிக்குள் பதில் வருவதே இயல்பு. வேலையே இல்லாமல் ஆயிரம் மில்லி நொடி ஆகிறதென்றால், டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது, அல்லது படித்த தரவு வழியிலேயே கெடுகிறது என்று சந்தேகிக்கலாம்.

இந்த இரண்டில் எது என்பதை அறிய கணினியில் நடப்பவற்றை விண்டோஸ் குறித்துவைக்கும் 'ஈவென்ட் வியூவர்' என்ற நிரலில் சிஸ்டம் பதிவுகளைப் பார்க்கலாம். 'டிஸ்க்' என்ற மூலத்திலிருந்து 7 என்ற எண் வந்திருந்தால் அது பழுதான பகுதி. 153 என்றால் ஒரு வேலையை மறுபடி செய்ய நேர்ந்தது. அவை தொடங்கிய தேதியும் மந்தம் தொடங்கிய தேதியும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது முக்கியம். அதன்பின் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் மூன்று வரிகளைப் பார்க்க வேண்டும். 05 என்பது மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள். சி7 என்பது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு கெட்ட தடவைகள். அந்த எண்கள் பதினாறின் அடிமானத்தில் காட்டப்படும். 10 என்று இருந்தால் 16 என்று கொள்ள வேண்டும்.

கடைக்காரரின் டிஸ்க்கில் 05, சி5 இரண்டும் பூஜ்யம். சி7 மட்டும் பார்க்கப் பார்க்க ஏறிக்கொண்டிருந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தபோது டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் ஒரு முனை தளர்ந்து, மடிப்பு விழுந்த நிலையில் இருந்தது. புதுக் கணினி வாங்கச் சொல்லப்பட்டிருந்த மனிதருக்கு ஒரு கேபிள் மாற்றியதோடு வேலை முடிந்தது. சி7 கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பாது. மேலும் ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது என்று பொருள்.

மாறாக சி5 ஏறிக்கொண்டிருந்தால், வேறு எதையும் செய்வதற்கு முன் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்துவிடுங்கள். பலரும் சொல்லும் 'செக் டிஸ்க்' கட்டளையை ஆர் குறியோடு அந்த நேரத்தில் தயவுசெய்து ஓட்டாதீர்கள். அது டிஸ்க் முழுவதையும் படிக்க வைக்கும். தள்ளாடிக்கொண்டிருக்கும் டிஸ்க் அந்தச் சுமையிலேயே நின்றுபோகலாம்.

டிஸ்க் நலமாக இருந்து, டாஸ்க் மேனேஜரில் பிராசசரின் வேகம் மட்டும் விழுந்து கிடப்பதும் உண்டு. 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட வேண்டியது, வேலைச் சுமை இருக்கும்போதும் 0.8-இல் நின்றால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள்; பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. விசிறிக்கு அடியில் உள்ள உலோக இதழ்களின் நடுவே தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் விசிறி அதை மறைத்துவிடும். விசிறியும் இதழ்களும் சேர்ந்ததுதான் கூலர். இன்டெல் பிராசசரோடு வரும் பல கூலர்களை நான்கு பிளாஸ்டிக் பின்கள் பிடித்திருக்கின்றன. அவற்றில் ஒன்று எழும்பிவிட்டாலும் கூலர் ஒரு பக்கம் சாய்ந்து, பிராசசரோடு சரியாகப் படியாது. தூசியைத் தட்டி, பிராசசரின் வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவி, பின்களை எதிரெதிர் மூலைகளாக அழுத்திப் பொருத்தியபின், ஒரு பெரிய கோப்பை ஜிப் செய்யவிட்டு வேகம் நிலையாக நிற்கிறதா என்று டாஸ்க் மேனேஜரில் மறுபடி பாருங்கள்.